விருப்பப் பாடத்துக்குத் தெளித்த தீர்த்தம்

மிரோஃபோராவுக்கு வரிசையில் நிற்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த வரிசை ஏன் இப்படி நிற்கிறது என்பதுதான் அவளுடைய கஷ்டம். லார்னகா நகரத்தில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே ஒரு பேக்கரி உண்டு. காலையில் அங்கே ஒலிவ் ரொட்டி வாங்கப் போனால், கல்லாவில் நிற்கும் பெண்ணிடம் அவள் வம்பு வளர்க்காமல் திரும்பியதில்லை.

"காபி கேக்குறவங்களையும் ரொட்டி கேக்குறவங்களையும் ஏன் ஒரே லைன்ல போட்டு வதைக்கிறீங்க? காபி மிஷினை அந்தப் பக்கம் தள்ளுங்க."

"தள்ளினா பிளக் எட்டாதுக்கா."

உடனே மிரோ குனிந்து பிளக்கைத் தேடுவாள். பின்னால் நிற்கும் நாங்கள் எல்லோரும் பசியோடு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்போம். வரிசை அன்றைக்கு இன்னும் நீளமாகும்.

நானும் அவளும் ஒரே ஆடிட் ஆபீஸில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். லண்டன்காரர்கள் நடத்தும் கணக்காளர் தகுதித் தேர்வுக்கு இரண்டு பேருமே படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தீவில் இது ஒரு பெருமையே இல்லை. பேருந்தில் யாராவது "டெபிட்" என்று தும்மினால் நாலு பேர் "கிரெடிட்" என்று வாழ்த்துச் சொல்லும் ஊர் இது. ஆனால் எங்கள் வீட்டில் அது பெருமைதான். அப்பா சுவர் பூசுகிறவர். எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகத்துக்குள் போன முதல் ஆள் நான். அதற்கு முன்னால் போனவர் அப்பாதான், வெளிச்சுவர் பூச.

கட்டாயப் பேப்பர்களை எல்லாம் முடித்த பிறகு, கடைசியில் நான்கு விருப்பப் பாடங்களில் இரண்டை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவரை எதை எழுத வேண்டும், எப்போது எழுத வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிட்டு, கடைசியில் மட்டும் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள். என்னிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது. அப்பாவிடம் போய் நின்றேன்.

"எதுல பாஸ் ஆவியோ அதை எடுடா."

"எதுல பாஸ் ஆவேன்னு எப்படிப்பா தெரியும்?"

"பாஸ் ஆனா தெரியும்ல."

ஆபீஸில் வேறு மாதிரி சொன்னார்கள். மாமா ஆடிட்டராக இருந்தால் ஆடிட் பேப்பர் எடு. சித்தப்பா வக்கீலாக இருந்தால் வரி பேப்பர் எடு. தீவை விட்டு ஓட வேண்டுமென்றால் நிதி பேப்பர் எடு. நான்காவதாக 'செயல்திறன்' என்று ஒன்று இருந்தது. ஒரு நிறுவனம் ஒழுங்காக ஓடுகிறதா, ஓடவில்லையென்றால் எந்த இடத்தில் இடிக்கிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று ஆராய்கிற பாடம். அதை யார் எடுப்பார்கள் என்று கேட்டதற்கு எங்கள் சீனியர், "கை தவறி அமுக்கினவங்க" என்றார்.

எனக்கு மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பக்கத்து மேஜைக்காரன் எடுத்தான் என்று ஆடிட்டும் வரியும் எடுத்தேன். ஒரு மனிதன் தன் வாழ்க்கையை இப்படியா தீர்மானிப்பான் என்று ஒரு வாரம் யோசித்தேன். அதற்கும் விடை தெரியாததால் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

மிரோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு மாமா இருந்தார்.

யாக்கோவோஸ் மாமா, அவள் அம்மாவின் அண்ணன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஆடிட்டர். பிள்ளைகள் கிடையாது. இவள் பள்ளியில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய அன்றே தன் ஆபீஸை இவளுக்கு என்று முடிவு செய்துவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார ஆடிட் பேப்பர் கட்டாயம் வேண்டும். கூடவே வரியும் இருந்தால் மேஜை முழுவதும் அவளுக்கே. அம்மா கல்லியோப்பிக்கு இதில் மாமாவைவிட அவசரம். மகள் இன்னும் தேர்வே எழுதவில்லை. ஆனால் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போதே, "என் பொண்ணோட ஆபீஸ் கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி" என்பார்.

மிரோவுக்கு அந்த ஆபீஸ் வேண்டாம். அவளுக்கு வேண்டியது நிதியும் செயல்திறனும். அதை வீட்டில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பேக்கரிப் பெண்ணையும், மாவட்ட அலுவலகக் காவலாளியையும், ஒருமுறை பூசை நடுவில் பாதர் ஸோசிமோஸையும் திருத்தப் போன ஆளுக்கு, அம்மாவிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இந்தக் கிறுக்கு அவளுக்கு எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். வருடக் கடைசியில் எங்களை ஹலூமி பாலாடைக்கட்டிச் சாலை ஒன்றுக்குச் சரக்கு எண்ண அனுப்பினார்கள். தலையில் வலை, காலில் வெள்ளை பூட்ஸ். உப்புநீர்த் தொட்டிகளில் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. எங்கள் வேலை எண்ணுவது, எழுதுவது, கிளம்புவது. நான் எண்ணினேன். மிரோ எண்ணவில்லை. கட்டியைச் சூட்டோடு மடித்து நடுவில் புதினா வைக்கும் மேஜையையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

"ஃபானோ, அங்க பாரு. அந்தம்மா ஒவ்வொரு தடவையும் புதினாவுக்குப் பத்தடி நடக்கறாங்க."

"நடக்கட்டும். உடம்புக்கு நல்லது. உன் தொட்டியில எத்தனை?"

"மேஜையை அந்தப் பக்கம் போட்டா நடக்கவே வேணாம்டா."

நான் கையைப் பிடிப்பதற்குள் மேஸ்திரியிடம் போய்விட்டாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, நீ எண்ண வந்தியா, இல்ல எங்க வீட்டுக்கு மருமகளா வந்தியா?"

மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு கட்டிகள் தரையில் விழுந்தன. அதையும் எண்ணிக்கையிலிருந்து நான்தான் கழித்தேன். ஆனால் மேஸ்திரி நல்ல மனிதர். மறுவாரம் மேஜையை மாற்றிப் பார்த்திருக்கிறார். கொப்பரையின் ஆவி நேராகப் புதினாவின் மேல் அடித்து, அத்தனையும் கறுத்துப்போய், பெண்கள் ஒரே நாளில் மேஜையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டார்கள். மேஸ்திரி போன் செய்து திட்டினார். நானாக இருந்தால் ஒரு மாதம் போனை எடுத்திருக்க மாட்டேன். மிரோ பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆவியா? எந்தப் பக்கமா வருது? ஜன்னல் திறந்திருந்துச்சா?" என்று மத்தியானம் முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

ஆடிட் அறிக்கையில் அவள் எழுதும் யோசனைகளை எங்கள் மேனேஜர் ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்துவிடுவார். "கணக்கு சரியா இல்லையா, அதை மட்டும் சொல்லு. கடையை எப்படி நடத்தணும்னு சொல்ல நாம யாரு?" அவளுக்கு அதுதான் ஆறவில்லை.

"பார்த்துட்டு சும்மா வர்றதுக்கு ஒரு படிப்பு. பார்த்ததைச் சொல்றதுக்கு இன்னொரு படிப்பு. எனக்கு ரெண்டாவது வேணும்டா, ஃபானோ."

"அப்போ வீட்டுல சொல்லு."

"மூணு தடவை ஆரம்பிச்சேன். முதல் தடவை மாமா பெயர்ப்பலகைக்காரனோட போன்ல இருந்தாரு. ரெண்டாவது தடவை அம்மா அழுதாங்க."

"நீ சொன்னதுக்கா?"

"இல்ல, வெங்காயம். ஆனா சொல்ற மூடு போயிடுச்சு."

மூன்றாவது தடவை என்ன ஆனது என்று அவள் சொல்லவே இல்லை.

இதற்குள் மாமா புது இடத்துக்கு ஆபீஸை மாற்றினார். கதவில் அவர் பெயருக்குக் கீழே மிரோஃபோராவின் பெயர். புது இடமென்றால் எங்கள் ஊரில் பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்காமல் ஒரு விளக்குகூடப் போட மாட்டார்கள். தேர்வுக்குப் பதிவு செய்யத் திங்கட்கிழமை கடைசி நாள். தீர்த்தம் தெளிப்பதற்கு மாமா குறித்தது அதற்கு முந்தின ஞாயிறு. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்ததில் கல்லியோப்பி அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

ஆபீஸுக்கு ஆசீர்வாதம் உண்டு, நாற்காலிக்கு உண்டு, நகல் எடுக்கும் மிஷினுக்கும் உண்டு. அப்படியிருக்க, தேர்வுப் பதிவுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? பதிவுப் பக்கத்தைத் திறந்து, ஆடிட்டுக்கும் வரிக்கும் டிக் போட்டு, மேஜை மேல் தயாராக வைத்துவிட வேண்டும். பாதர் தெளிப்பார். தீர்த்தம் காய்வதற்குள் மிரோ 'உறுதி செய்' என்று அழுத்துவாள். எல்லோரும் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல தண்ணி படக் கூடாது."

"தண்ணி படக் கூடாது. தீர்த்தம் படலாம்."

ஞாயிறு காலையில் என்னையும் வரச் சொன்னாள் மிரோ. துணைக்கு என்றாள். எதற்குத் துணை என்று நான் கேட்கவில்லை. கூபா பண்ணியிருப்பார்கள் என்று தெரியும். கோதுமை ரவை மாவு உறைக்குள் கறி வைத்துப் பொரிக்கும் அந்த விஷயத்தில் கல்லியோப்பி அம்மாவை மிஞ்ச ஆள் இல்லை.

ஆபீஸில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சுவரோரம் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் மேஜை, வெள்ளை விரிப்பு, தீர்த்தக் கிண்ணம், துளசிக் கொத்து, மெழுகுவர்த்தி, மிரோவின் லேப்டாப். கல்லியோப்பி அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "ஆடிட், டிக். வரி, டிக்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "இன்னும் உறுதி மட்டும் பண்ணலை, பாதர். நீங்க ஆரம்பிங்க."

பாதர் ஸோசிமோஸ் லேப்டாப்பைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். இதற்கென்று தனி ஜெபம் உண்டா என்ற யோசனை அவர் தாடியில் தெரிந்தது. பிறகு பயணம் போகிறவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னார். ஒரு வகையில் பொருத்தம்தான்.

பாடி முடித்துத் துளசிக் கொத்தை முக்கி எடுத்தார். பாதருக்குக் கை தாராளம். நாற்காலிக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, மாமாவின் வழுக்கைக்கு ஒன்று, பிறகு மேஜைப் பக்கம் திரும்பி மூன்று. லேப்டாப் மழையில் நனைந்த கோழி மாதிரி ஆனது. பிறகு உள்ளறைக்கும் தெளிக்க மாமா அவரைக் கூட்டிக்கொண்டு போக, சொந்தங்களும் ஓ என்று பாடிக்கொண்டே பின்னால் போனார்கள். மிரோ மட்டும் கைக்குட்டையோடு லேப்டாப் மேல் கவிழ்ந்தாள்.

துடைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். துடைக்கத்தான் செய்தாள். ஆனால் துடைப்பதற்கு ஒரு கை போதும். மற்ற கை வேகமாக வேறு ஏதோ செய்தது. திரையில் ஏதோ வந்தது, போனது, பச்சையாக ஒன்று எரிந்தது. அவள் நிமிர்ந்தாள். முகம் அந்த விரிப்பு மாதிரி வெளுத்திருந்தது.

"ஃபானோ," என்றாள் மெல்ல. "நீ ஒண்ணும் பார்க்கலை."

"சரி, நான் பார்க்கலை."

பாடல் திரும்பி வந்தது. கல்லியோப்பி அம்மாதான் முதலில் திரையைப் பார்த்தார்.

"மிரோ! இது என்னடி? ஆடிட் எங்க?"

"தெரியலைம்மா. துடைக்கும்போது பார்த்தேன், இப்படி இருந்துச்சு."

"நிதி, செயல்திறன். பதிவு முடிந்தது." கல்லியோப்பி அம்மா இரண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மூன்று தடவை சிலுவைக்குறி போட்டார். "மாதாவே! தீர்த்தம் மாத்திடுச்சு!"

அறை முழுக்க ஒரு முணுமுணுப்பு. இரண்டு பேர் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "ஒருவேளை ஆடிட்ல பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து இருந்திருக்கும்" என்று யாரோ சொல்ல, கல்லியோப்பி அம்மாவின் கண் நிறைந்தது. அம்மா ஒரே நிமிடத்தில் இறங்கி வருவார் என்று மிரோவே எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதம் வராத அனுமதி ஒரு கைக்குட்டையில் வந்துவிட்டது. நான் கூபாத் தட்டை நோக்கி ஓரடி வைத்தேன்.

அப்போது யாக்கோவோஸ் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல என்ன இருந்துச்சு?"

"ஆடிட்டும் வரியும். நானே வாசிச்சேனே!" என்றார் கல்லியோப்பி அம்மா.

"இப்போ?"

"நிதியும் செயல்திறனும்."

"அப்போ தண்ணி ரெண்டு டிக்கை எடுத்திருக்கு. அப்புறம் ரெண்டு டிக்கைப் போட்டிருக்கு. ரெண்டுக்கு ரெண்டு, சரியா. அப்புறம் என்ன கேக்கும், மிரோ?"

"உறுதியான்னு கேக்கும் மாமா."

"தண்ணி 'ஆமா'ன்னிருக்கு. அப்புறம்?"

மிரோ தரையைப் பார்த்தாள். "பாஸ்வேர்டு கேக்கும்."

"பாஸ்வேர்டு." மாமா அந்தச் சொல்லைக் கிண்ணத்துக்குள் போட்டுக் கழுவுவது போலச் சொன்னார். "என்னன்னு சொல்ல வேண்டாம். எத்தனை எழுத்து?"

"பன்னிரண்டு."

"எல்லாம் சின்ன எழுத்தா?"

"ஒண்ணு பெருசு. நடுவுல ஒரு ஆச்சரியக்குறி."

மாமா திரும்பினார். "பாதர், இந்த மேஜைக்கு எத்தனை தடவை தெளிச்சீங்க?"

"மூணுதான்ப்பா. முறைப்படி மூணுதான்."

"மூணு தெளிப்புல பன்னிரண்டு எழுத்து, அதுல ஒரு ஆச்சரியக்குறி."

"ஏன், கடவுளுக்குப் பாஸ்வேர்டு தெரியாதா யாக்கோவே?" கல்லியோப்பி அம்மா சீறினார். "நம்ம தலைமுடியை எண்ணி வச்சிருக்கிறவரு! நீங்களே சொல்லுங்க பாதர், தெரியுமா தெரியாதா?"

பாதர் ஸோசிமோஸ் துளசிக் கொத்தை மெல்லக் கிண்ணத்தில் வைத்தார். "தெரியும்மா. தெரியாம இருக்குமா? ஆனா டைப் பண்ணுவாரான்னு..."

வாக்கியத்தை முடிக்காமல் அவர் தாடியைத் தடவினார். மெழுகுவர்த்தி படபடத்தது. மிரோ என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் ஜன்னலைப் பார்த்தேன். அற்புதம் என்று விட்டுவிட்டால் எல்லாம் சுமுகம், அம்மாவும் சம்மதம், சாப்பாடும் சூடாக. இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நானாக இருந்தால் திறந்திருக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நினைத்தபோது காது சூடானது.

"நான்தான் மாமா," என்றாள். "நான்தான் மாத்தினேன். தீர்த்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அம்மா, என்னை மன்னிச்சிடு. பாதர், நீங்களும்."

"நான் எதுக்கும்மா," என்றார் பாதர். நிம்மதியாக இருந்தார்.

கல்லியோப்பி அம்மா விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தார், இல்லாத சுருக்கத்தை எல்லாம் எடுத்தார்.

மாமாவின் கழுத்து சிவந்திருந்தது. "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேடி."

"ஆரம்பிச்சேன் மாமா. பலகைக்காரன் லைன்ல இருந்தான்."

"பலகைக்காரன் வேலை எப்பவோ முடிஞ்சுதே!"

"ஆமா. அதுக்கப்புறம் பலகை வந்துடுச்சே. பெயரைப் பார்த்ததும் சொல்ல முடியலை."

மாமா சுற்றிலும் கையை வீசிக் காட்டினார். சுவர், அலமாரி, ஜன்னல், இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடல் எல்லாம் அந்த வீச்சில் வந்தது. "இந்த ஆபீஸ்ல அப்படி என்னடி குறை?"

மனசு நொந்து கேட்ட கேள்வி அது. பதில் வேண்டிக் கேட்டது இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது, ஒருத்தியைத் தவிர.

"வாடிக்கையாளர் நாற்காலி கழிப்பறைக் கதவைப் பார்த்து இருக்கு மாமா," என்றாள் மிரோ. "அவரு வரி எவ்வளவுன்னு கேக்கும்போது அந்தக் கதவுதான் தெரியும். ஃபைல் அலமாரி உங்களுக்கு முதுகுப் பக்கம். ஒவ்வொரு தடவையும் எழுந்து சுத்திப் போகணும். உங்க முழங்காலுக்கு அது ஆகாது. நகல் மிஷின் வாசல்ல இருக்கு. உள்ள வர்றவன் முதல்ல அதுல இடிச்சுக்குவான்."

"நான் இடிச்சுக்கிட்டேன்," என்றார் பாதர்.

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகு கழிப்பறைக் கதவை. மாமாவும் பார்த்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார். கதவில் மாட்டியிருந்த சின்ன மனிதப் படம் அவரையே பார்த்தது. வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியபோது நான் பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"இந்த இடத்துக்கு நான் முன்பணம் கொடுத்தப்ப நீ எங்கடி இருந்தே?"

"சரக்கு எண்ணிட்டிருந்தேன் மாமா."

அவர் எழுந்தார். சட்டைக் கையை மடித்தார். சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பழையபடி ஆடிட்டர் முகம் ஆனது. "சரி. எல்லாரும் கேட்டுக்கோங்க. இது அற்புதமும் இல்ல, விபத்தும் இல்ல. இவளாவே எடுத்த முடிவு. நான் சரி பார்த்துட்டேன். கல்லியோப்பி, நாளைக்கு மார்க்கெட்டுல யாராவது கேட்டா இதையே சொல்லு, தீர்த்தம்னு சொல்லாத. ஆபீஸ் எனக்கே இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவேன். மிரோ, அந்த அலமாரியை எங்க வைக்கச் சொன்னே?"

பிறகு நடந்ததை ஆசீர்வாதச் சடங்கு என்று சொல்ல முடியாது. மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு பாதர் நடுவில், அலமாரியை நகர்த்தினோம். மிரோ கதவருகே நின்று கையைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஃபானோ, உன் இடப்பக்கம் இல்ல, அலமாரியோட இடப்பக்கம்." அலமாரி பாதி வழியில் ஜன்னலை மறைத்து, அறை இருட்டாகி, யாரோ ஒருவரின் காலில் இறங்கியது. கத்தினதை வைத்து அது மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்துகொண்டோம். மறுபடியும் தூக்கினோம்.

கல்லியோப்பி அம்மா எதிலும் கை வைக்கவில்லை. தட்டுகளை எடுத்து எல்லோருக்கும் பரிமாறினார், மகளுக்கும்தான். ஆனால் அவள் பக்கம் திரும்பாமலே நீட்டினார். என்னிடம் மட்டும் வந்து நின்றார்.

"உனக்கு என்ன பேப்பர் ஃபானோ?"

"ஆடிட்டும் வரியும்."

"பாரு!" என்றார் அண்ணனிடம். "பெத்தவங்க பேச்சைக் கேக்குற பிள்ளை!"

"எங்க அப்பா எதுவும் சொல்லலை. எதுல பாஸ் ஆவியோ அதை எடுன்னார்."

"அப்போ நீ ஏன் எடுத்தே?" என்று மாமா கேட்டார். வாய் நிறையக் கூபா வைத்திருந்தது எனக்கு அப்போது நல்லதாகப் போயிற்று. மென்றுகொண்டே இருந்தேன். விழுங்கி முடிப்பதற்குள் அவர் நகல் மிஷினைத் தூக்கப் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. தேர்வில் நான் பாஸ் ஆனேன்.

மிரோ ஆகவில்லை. நிதியில் தேறினாள், செயல்திறனில் தோற்றாள். முடிவு வந்த அன்று ஆபீஸில் ஆறுதல் என்ற பெயரில் சீனியர் ஒருவர் சொன்னது: "ஆடிட் எடுத்திருந்தா இந்நேரம் முடிச்சிருப்பே. இப்பவும் மாத்திக்கலாம், தெரியும்ல?" மாற்றிக்கொள்ள முடியும். அவளுக்குத் தெரியும். அந்த மத்தியானமே பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன், எதற்கும் துணைக்கு. நான்கு கட்டங்கள். ஒன்று முடிந்தது என்று சாம்பல் நிறத்தில் கிடந்தது. மற்ற மூன்றும் காலியாக இருந்தன. அவள் என்னைக் கேட்கவில்லை, போனை எடுக்கவில்லை, ஒரு நொடிகூட யோசித்த மாதிரி தெரியவில்லை. செயல்திறன் மேல் டிக் போட்டாள். பன்னிரண்டு எழுத்தையும் தட்டினாள், ஆச்சரியக்குறி உட்பட.

அதன் பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். கல்லியோப்பி அம்மா முதலில் தோற்றதற்காக முறைப்படி கொஞ்சம் அழுதார்.

"மறுபடி எந்தப் பேப்பர்?"

"அதேதான்மா."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடினார்.

"சரி, அதுல அப்படி என்னதான்டி கேக்குறாங்க?"

"ஒரு கடை இருக்கும்மா. ஏதோ ஒண்ணு சரியா நடக்காது. ஏன்னு கண்டுபிடிச்சு, என்ன பண்ணலாம்னு எழுதணும்."

"நம்ம கோயில் திருவிழாவுல நாங்க தேன் உருண்டை போடுறோமே," என்றார் கல்லியோப்பி அம்மா யோசித்து. "வருஷா வருஷம், ஊர்வலம் திரும்புறதுக்கு முன்னாடியே பாகு தீர்ந்துபோகுது. மாவு மீந்துபோகுது. எத்தனை காய்ச்சினாலும் அப்படித்தான். அந்த மாதிரியா?"

மிரோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை தானாகப் பேனாவைத் தேடியது.

"அந்த மாதிரியேதான்மா. பாகை யாரு ஊத்துறாங்க?"

"உங்க சித்திதான். அவளுக்குக் கை நிக்காது. இதெல்லாம் கேட்டா எத்தனை மார்க் கொடுப்பாங்க?"

"இருபத்தஞ்சு."

"கம்மி," என்றார் கல்லியோப்பி அம்மா. "உங்க சித்தியைத் திருத்தறதுக்கு அது பத்தாது."